கைகொடுத்துப் படிப்பித்த கதை: ஒரு வரலாற்று நோக்கு

இந்த நூற்றாண்டு மலரைத் திட்டமிட்டபோது அதில் நான்கு பக்கங்கள் ஒரு விசேட தேவைக்காக ஒதுக்கப்பட்டிருந்தன. எமது சங்கத்தின் கல்வி உதவி நிதியில் இன்று படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் படங்களைப் பெயர், வகுப்பு, ஊர் என்பவற்றோடு அச்சிடுவது, ஒவ்வொரு படத்தின் கீழும் உதவி வழங்கும் பழைய மாணவியின் பெயரையும் போடுவது என்பதே முதல் யோசனை. நல்ல மனதோடு வந்த யோசனை அது. லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் சிட்னியிலிருந்தும் மாதம் தவறாமல் காசு அனுப்பும் அக்காமாருக்கு நன்றி சொல்ல வேறு என்ன வழி இருக்கிறது என்று கேட்டார்கள். மலர்க்குழு மூன்று கூட்டங்களில் இதைப் பற்றியே பேசியது. இறுதியில் படங்கள் வேண்டாம் என்று தீர்மானித்தோம். அந்த நான்கு பக்கங்களில்தான் இக்கட்டுரை அச்சாகிறது.

ஏன் வேண்டாம் என்றோம் என்பதை உதவி செய்த எல்லோருக்கும் சொல்ல வேண்டிய கடமை எமக்கு உண்டு. அதைச் சொல்வதற்கு இந்த மண்ணில் ஒருவர் காசில் இன்னொருவர் வீட்டுப் பெண்பிள்ளை படித்த கதையை ஆரம்பத்திலிருந்து பார்ப்பது நல்லது என்று நினைக்கிறோம். அந்தக் கதைக்கு இப்போது இருநூறு வயது.

பெயரை மாற்றிய உதவி

அமெரிக்க மிஷனரிமார் 1816 இல் யாழ்ப்பாணத்தில் தம் பணியைத் தொடங்கினர். ஆண்பிள்ளைகளுக்கென 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரி உருவானது. அடுத்த ஆண்டே, 1824 இல், ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். பெண்பிள்ளையை வீட்டைவிட்டு வெளியே தங்கவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுப்பது என்பதை ஊர் நினைத்தும் பார்த்திராத காலம் அது. படிப்பு, சாப்பாடு, உடுப்பு எல்லாவற்றையும் மிஷன் பொறுப்பேற்ற பிறகுதான் பிள்ளைகள் வந்தார்கள். படித்து முடித்து மிஷனின் சம்மதத்தோடு மணம் முடித்த பெண்களுக்குச் சிறிய சீதனத்தையும் மிஷன் கொடுத்தது. 1840 முதல் 1879 வரை எலைசா அக்னியூ அம்மையார் அங்கே பொறுப்பாயிருந்தார். ஏறத்தாழ நாற்பது வருடங்கள் ஒரே இடத்தில் நின்று பிள்ளைகளைப் படிப்பித்தவர் அவர்.

இதற்கெல்லாம் காசு எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி அமெரிக்காவின் தேவாலயச் சபைகளிலிருந்தும், அங்கிருந்த சாதாரண குடும்பங்களிலிருந்தும் வந்தது. ஒரு குடும்பமோ ஒரு பெண்கள் சங்கமோ ஒரு பிள்ளையின் வருடச் செலவைப் பொறுப்பேற்கும். அதற்குப் பதிலாக அந்தப் பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரை வைக்கலாம். இறந்துபோன மகளின் பெயர், மதிப்புக்குரிய போதகரின் பெயர், காசு கொடுத்தவரின் சொந்தப் பெயர் என்று கடல் கடந்து பெயர்கள் வந்தன. கரோல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்று எமது இலக்கிய வரலாற்றில் நாம் படிக்கின்ற பெயர்களின் முற்பகுதிகள் இந்த வழக்கத்தின் தடயங்களே. அந்த ஆண்கள் தம் தமிழ்ப் பெயரையும் கூடவே காப்பாற்றிக்கொண்டார்கள். 1886 இல் வெளிவந்த ‘பாவலர் சரித்திர தீபகம்’ என்ற நூலால் சதாசிவம்பிள்ளையின் தமிழ்ப் பெயர் நிலைத்தது. உடுவிலில் படித்த பெண்பிள்ளைகள் பலருக்கு நூல் எழுதும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. வீட்டில் அவர்களை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பது இன்று யாருக்கும் தெரியாது.

அந்த உதவியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அது இல்லாவிட்டால் எமது பாட்டிமாரின் பாட்டிமார் எழுத்தறிந்திருக்கமாட்டார்கள். படித்த தாய்மாரின் பிள்ளைகள் படித்தார்கள் என்ற எமது பெருமையின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஆனாலும் உதவி பெறும் பிள்ளை தன் பெயரை விலையாகக் கொடுத்த ஒரு காலம் இருந்தது என்பதும் அதே வரலாற்றின் பகுதி. இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னால் வரும்.

கட்டணம் கட்டிய காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சைவப் பெருமக்களும் பாடசாலைகள் அமைத்தார்கள். ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலை அதற்கு வழிகாட்டியது. பெண்கள் கல்விக்கென 1913 இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரியை நிறுவினார். 1923 இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம், இந்து போட் இராசரத்தினம் என்று ஊர் அழைத்த பெரியவரின் உழைப்பால் ஊரூராகப் பாடசாலை அமைத்ததோடு, திருநெல்வேலியில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு ஓர் இல்லத்தையும் நடத்தியது.

எமது சங்கம் தோன்றியதும் அந்தக் காலத்தில்தான். அப்போது தமிழில் படிப்பிக்கும் பாடசாலைகளில் கட்டணம் இல்லை. ஆங்கிலத்தில் படிப்பிக்கும் பாடசாலைகளில் கட்டணம் உண்டு. உத்தியோகத்துக்கும் மேற்படிப்புக்கும் ஆங்கிலம் வேண்டும். ஆகவே வசதி இல்லாத வீட்டுப் பிள்ளையின் படிப்பு ஐந்தாம் வகுப்பை ஒட்டி நின்றுவிடும். ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான் கட்டணம் கட்ட முடியும் என்றால் அந்த ஒருவர் மகனாகத்தான் இருப்பார். மலாயாவில் இருந்து தகப்பன் அனுப்பும் காசு நின்றுபோனால், முதலில் பாடசாலையை விட்டு நிற்பவள் மகள்.

சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் எமக்குச் சொன்ன கதைகளில் ஒன்று திரும்பத் திரும்ப வரும். தவணைக் கட்டணம் கட்டாத பிள்ளையை வகுப்பிலிருந்து எழுப்பி விறாந்தையில் நிறுத்துவது அக்கால வழக்கம். விறாந்தையில் நின்ற பிள்ளைகளுக்காக முன்னாள் மாணவிகள் சிலர் தங்களுக்குள் காசு சேர்த்ததே எமது கல்வி உதவியின் ஆரம்பம் என்று அவர்கள் சொல்வார்கள். பழைய கூட்டக் குறிப்புப் புத்தகங்கள் 1995 இடம்பெயர்வோடு போய்விட்டதால் அந்தக் காலத்துக் கணக்கு எம்மிடம் இல்லை. விறாந்தை மட்டும் இன்னும் இருக்கிறது.

இலவசக் கல்விக்குப் பிறகும்

1884 இல் பிறந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அம்பலாங்கொடையில் படித்து, காலி றிச்மண்ட் கல்லூரிக்குப் புலமைப்பரிசில் பெற்றுச் சென்றவர். வேறொருவர் தந்த இடத்தில் இருந்து படித்த அந்தப் பையன்தான் பின்னாளில் அரசாங்க சபையின் கல்வி அமைச்சராகி, 1943 இல் வெளிவந்த விசேட கல்விக் குழு அறிக்கையின் வழியாக இலவசக் கல்வியைக் கொண்டுவந்தார். 1945 ஒக்ரோபர் 1 ஆம் திகதி முதல் அது நடைமுறைக்கு வந்தது. தனக்குக் கிடைத்த புலமைப்பரிசிலை நாட்டின் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தவர் என்று அவரைச் சொல்லலாம்.

பின்னர் ஒவ்வொன்றாக வந்தன. 1960, 1961 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் மூலம் உதவி பெறும் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவை அரசின் கைக்கு மாறின. 1980 இல் இலவசப் பாடநூலும் 1993 இல் இலவசச் சீருடைத் துணியும் கிடைத்தன. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் தேறும் வசதி குறைந்த பிள்ளைகளுக்கு மாதாந்தக் கொடுப்பனவு உண்டு. கட்டாயக் கல்வி வயது 1998 முதல் 14 வரையும், 2016 முதல் 16 வரையும் என்றானது.

இவ்வளவும் இருக்க எங்கள் நிதி எதற்கு என்று வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் யாராவது ஒருவர் கேட்பது வழக்கம். கேட்க வேண்டிய கேள்விதான். கட்டணம் போய்விட்டது, செலவு போகவில்லை என்பதே அதற்கான பதில். சப்பாத்து, கொப்பி, பஸ் காசு, சீருடை தைக்கும் கூலி, ரியூசன் கட்டணம், செயற்றிட்ட வேலைக்கு வாங்கும் மட்டை, வசதிக் கட்டணம், மாதவிடாய் நாட்களுக்கான துவாய் என்று பட்டியல் நீளும். இவற்றில் எதற்கும் தனியே ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்தும் பலம் இல்லை. நான்கும் ஐந்தும் ஒரே மாதத்தில் வந்தால் நிறுத்திவிடும். புலமைப்பரிசில் கொடுப்பனவு வெட்டுப்புள்ளிக்கு மேலே வந்த பிள்ளைக்குத்தான். இரண்டு புள்ளி குறைந்த பிள்ளையின் வீட்டிலும் அதே வறுமைதான் இருக்கிறது.

ஜாம் போத்தல் விளக்கு

எங்கள் வகுப்பு 1990 இல் எட்டு, ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளாக இருந்தது. அந்த ஆண்டு யூன் மாதம் யுத்தம் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லாது போனது. மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி, கடதாசி எல்லாவற்றுக்கும் தடை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அதில் சிறிது மண்ணெண்ணெய் விட்டு எரிக்கும் விளக்கில் படித்தோம். பத்திரிகைகளே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகின. பழைய கொப்பியில் எழுதாமல் விட்ட பக்கங்களைப் பிரித்துத் தைத்துப் புதுக் கொப்பி ஆக்கும் கலையில் நாங்கள் எல்லோரும் தேர்ந்திருந்தோம்.

எங்கள் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். தகப்பன் ஷெல்லடியில் போய்விட்டார். தாய் இடியப்பம் அவித்து விற்றா. கணிதத்தில் அவள்தான் முதல். எட்டாம் வகுப்பில் ஒரு நாள், அடுத்த தவணையோடு நிற்கப்போகிறேன் என்று சொன்னாள். தாயோடு சேர்ந்து இடியப்பம் விற்கவேண்டும் என்றாள். ஆனால் அவள் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்று எங்களுக்கு அப்போது விளங்கவுமில்லை.

வெளிநாட்டில் இருந்த ஒரு பழைய மாணவி உண்டியல் வழியாகக் காசு அனுப்பியிருக்கிறா. கொழும்பில் கொடுத்த காசு கிளாலி கடந்து வந்தவர்கள் மூலம் எங்கள் கணித ரீச்சரின் கைக்கு வந்திருக்கிறது. ரீச்சர் அதை அந்தப் பிள்ளைக்கு ‘உதவி’ என்று சொல்லிக் கொடுக்கவேயில்லை. தாயிடம் மட்டும் சொல்லியிருக்கிறா. கொப்பிகளை, “போன வருசத்து மிச்சம் பிள்ளை, கறையான் அரிக்க முந்தி எழுதி முடி” என்று கொடுப்பா. ரியூட்டறிக் காசைத் தாயின் கையில் கொடுத்துவிடுவா. மற்றப் பிள்ளைகளைப் போலவே அவளும் மாதக் கடைசியில் கையில் காசோடு வரிசையில் நின்று அட்டையில் கையெழுத்து வாங்கினாள். இலவச அட்டை வாங்கிய பிள்ளைகளுக்கு இருந்த கூச்சம் அவளுக்கு இருக்கவில்லை.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் வீதியில் இறங்கியது. மழைக்குள் செம்மணி வெளியைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தோம். மரங்களுக்குக் கீழும் பாடசாலைக் கட்டடங்களிலும் இருந்தோம். 1996 ஏப்ரலுக்குப் பிறகு திரும்பி வந்து, கூரையில்லாத வகுப்பறைகளில் இருந்து க.பொ.த. சாதாரண தரத்துக்குப் படித்தோம். எங்களில் திரும்பி வராமற் போனவர்கள் உண்டு. வன்னிக்குப் போனவர்களும் வெளிநாடு போனவர்களும் உண்டு. அவள் வந்தாள். கணிதத்தில் அதிவிசேட சித்தியும் எடுத்தாள். யார் தன்னைப் படிப்பித்தது என்பது, ரீச்சர் இளைப்பாறிய பின் ஒரு நாள் அவவைப் பார்க்கப் போனபோதுதான் அவளுக்குத் தெரியவந்தது. அன்று இரண்டு பேரும் அழுதார்களாம்.

மேடைக்கு அழைத்த நாள்

2002 இல் போர்நிறுத்த உடன்படிக்கை வந்தது. ஏ9 பாதை திறந்தது. பல வருடங்களாக ஊர் காணாத பழைய மாணவிகள் பிள்ளை குட்டிகளோடு வந்து இறங்கினார்கள். கல்லூரிக்கு வந்து அழுதவர்கள், உடைந்த கட்டடத்தைத் தொட்டுப் பார்த்தவர்கள், அந்த இடத்திலேயே காசோலை எழுதியவர்கள் எத்தனை பேர்! எமது நிதி முன்னெப்போதும் இல்லாத அளவுக்குப் பெருகியது. அப்போது சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த எங்கள் வகுப்பாரிடம் ஒரு பொறுப்புத் தரப்பட்டது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் முன்னிலையில் துவிச்சக்கர வண்டிகள் வழங்கும் விழாவுக்குப் பெயர்ப் பட்டியல் தயாரிக்கும் வேலை அது.

பட்டியலை நாங்கள்தான் எழுதினோம். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் காரணத்தையும் எழுதினோம். தெரிவு நேர்மையாக நடந்தது என்று எல்லோருக்கும் தெரியவேண்டும் என்பது எங்கள் எண்ணம். விழாவில் அந்தக் காரணங்கள் அப்படியே ஒலிபெருக்கியில் வாசிக்கப்பட்டன. தந்தையை இழந்தவர், தாய் கூலி வேலை, வறுமைக் கோட்டுக்கு உட்பட்டவர் என்று ஒவ்வொருவராக அழைக்கப்பட்டார்கள். படம் எடுத்தார்கள். அடுத்த வாரம் பத்திரிகையிலும் வந்தது.

பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி திங்கட்கிழமை வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து எங்களில் இரண்டு பேர் வீட்டுக்குப் போனோம். குசினி மூலையில் புதுச் சைக்கிள் சாக்கால் மூடி வைக்கப்பட்டிருந்தது. பிள்ளை முதலில் வெளியே வரவில்லை. பிறகு வந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஒரே ஒரு வசனம் சொன்னாள்: “என்ர பேரைக் கூப்பிடேக்கை அப்பா இல்லாததையும் சேர்த்தெல்லோ அக்கா கூப்பிட்டவை.”

அவள் திரும்பி வரவில்லை. நகரில் ஒரு புடைவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டோம். எமது நிதி படிப்பித்த பிள்ளைகளின் கணக்கை நாம் பெருமையோடு சொல்கிறோம். எமது நிதியால் படிப்பை விட்ட ஒரு பிள்ளையும் உண்டு. ஒலிபெருக்கியில் வாசிக்கப்பட்ட அந்த வரியை எழுதியது எங்கள் கை. நூற்றாண்டு மலரில் வெற்றிகளை மட்டும் எழுதினால் அது வரலாறு ஆகாது என்பதால் இதையும் எழுதுகிறோம்.

இன்று நிதி நடக்கும் விதம்

அதன் பிறகுதான் நாம் நிதியை நடத்தும் முறையை ஒவ்வொன்றாக மாற்றினோம். கணித ரீச்சர் ஜாம் போத்தல் விளக்குக் காலத்தில் தன் சொந்தப் புத்தியால் செய்ததை நாங்கள் பல வருடம் கழித்து விதிகளாக எழுதினோம் என்று சொல்வதே சரி.

முதலாவது, ஒரு கொடையாளிக்கு ஒரு பிள்ளை என்ற முறையைக் கைவிட்டோம். ஆறாம் தரத்திலிருந்து உயர் தரம் வரை ஒரு பிள்ளையைப் படிப்பிப்பது என்றால் எட்டு வருடங்கள். எட்டு வருடத்தில் கொடுப்பவருக்கு வேலை போகலாம், நோய் வரலாம், அவர் இறந்தும் போகலாம். அவை எதுவும் பிள்ளையின் குற்றம் அல்ல. ஆகவே எல்லோரும் தரும் காசு ஒரே பொதுக் கணக்கில் சேர்கிறது. குறைந்தது இரண்டு வருடச் செலவு நிலையான வைப்பில் இருந்தால் மட்டுமே புதிதாக ஒரு பிள்ளையைச் சேர்க்கிறோம். சேர்த்த பிள்ளையை இடையில் விடுவதில்லை.

இரண்டாவது, சாதாரண தரத்தில் கணிதம் தவறினாலும் உதவி நிற்பதில்லை. மீண்டும் எழுதலாம். உயர் தரம் போக விருப்பம் இல்லாத பிள்ளை தொழிற்பயிற்சி நிலையத்தில் என்.வி.கியூ. சான்றிதழ் பெறும் வரை அதே உதவி தொடரும். உதவி பெறும் பிள்ளை கட்டாயம் கெட்டிக்காரியாக இருக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பு பிள்ளையின் தோளில் ஏற்றும் இன்னொரு மூட்டை.

மூன்றாவது, நன்றிக் கடிதம் கேட்பதில்லை. இதைத்தான் ஏற்றுக்கொள்ளக் கடினமாக இருந்தது என்று பல அக்காமார் எமக்குச் சொன்னார்கள். கனடாவில் தனியே வாழும் ஒரு மூத்த அக்கா, “பிள்ளை, எனக்கு வருசத்துக்கு ஒருக்கா வாற அந்தக் கடிதம்தான் ஒரே சந்தோசம், அதையும் நிப்பாட்டுறியளோ?” என்று தொலைபேசியில் கேட்டா. எங்களுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அவவின் தனிமையும் உண்மைதான். இப்போது பொறுப்பாசிரியை வருடத்துக்கு ஒரு தடவை, பெயர் குறிப்பிடாமல், பிள்ளைகளின் படிப்பைப் பற்றி எல்லோருக்கும் எழுதுகிறா. பதினெட்டு வயதுக்குப் பிறகு தானாக விரும்பி எழுதும் பிள்ளை எழுதலாம். எழுதுகிறார்கள். பல்கலைக்கழகத்திலிருந்தும் தாதியர் கல்லூரியிலிருந்தும், திருமண அழைப்பிதழோடும் கடிதங்கள் வந்திருக்கின்றன. அந்தக் கனடா அக்காவுக்கும் ஒன்று போனது. யாரும் கேட்காமல் வந்த கடிதம் என்று அவ அதைத் தனியே எடுத்து வைத்திருக்கிறா.

நான்காவது, சிறிய தேவைகளைத் தவணை முடிவு வரை காத்திருக்க வைப்பதில்லை. இதில் எங்களில் வைத்தியத் தொழிலுக்கு வந்தவர்களின் அனுபவம் உதவியது. காலைப் பிரார்த்தனையில் மயங்கி விழும் பிள்ளைகளுக்கு ‘வெயில் தாங்காத உடம்பு’ என்று ஒரு பெயர் உண்டு. விசாரித்தால் பலர் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்தவர்கள், சிலருக்கு இரத்தச்சோகை. பாடசாலை மருத்துவப் பரிசோதனை 1, 4, 7, 10 ஆகிய தரங்களில் நடக்கிறது. அதில் பார்வைக் குறைபாடு கண்டுபிடிக்கப்பட்டு, கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்த துண்டு கொப்பிக்குள் மடித்தபடியே மாதக்கணக்காகக் கிடக்கும். ஒரு பிள்ளையை வகுப்பே மொக்கு என்று நினைத்திருந்தது. அவளுக்குக் கரும்பலகை தெரியவில்லை. கண்ணாடி வாங்கிக் கொடுத்த தவணையில் அவளுடைய கணிதப் புள்ளி இரண்டு மடங்கானது. ஒரு மாத ரியூசன் செலவுக்குள் அடங்கிய காரியம் அது.

ஐந்தாவது, யார் உதவி பெறுகிறார்கள் என்பது அதிபர், பொறுப்பாசிரியை, சங்கப் பொருளாளர், பிள்ளையின் வீட்டார் ஆகியோருக்கு மட்டுமே தெரியும். கணக்குப் பரிசோதகர் இலக்கத்தைப் பார்ப்பார், பெயரைப் பார்ப்பதில்லை. நோயாளியின் வருத்தத்தை விறாந்தையில் நின்று சொல்லக்கூடாது என்று எங்களுக்கு முதல் வருடத்திலேயே படிப்பித்தார்கள். வறுமையும் அப்படித்தான். அதைக் கேட்பதற்கு ஒரு கதவு சாத்திய அறை வேண்டும்.

புதிய நெருக்கடிகள்

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகும், 2009 இல் யுத்தம் முடிந்த பிறகும், வடமராட்சிக் கரையிலிருந்தும் கிளிநொச்சி, முல்லைத்தீவிலிருந்தும் வந்த பிள்ளைகள் எமது விடுதியில் சேர்ந்தார்கள். தாயும் இல்லாத, தகப்பனும் இல்லாத, பிறப்புச் சான்றிதழும் இல்லாத பிள்ளைகள். படிப்புச் செலவைவிடச் சான்றிதழ் எடுப்பதற்கான அலைச்சலே அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. அந்த அலைச்சலில் கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் கூடவே போய்வந்த உள்ளூர்ப் பழைய மாணவிகளின் சேவை எந்தக் கணக்கிலும் இல்லை.

2022 இல் வந்த நெருக்கடி வேறு விதமானது. அந்த வருடத் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டியிருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயளவில் நின்றது. மார்ச் மாதத்தில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தையும் தாண்டியது. வெளிநாட்டு அக்காமார் அனுப்பிய அதே டொலருக்குக் கூடுதல் ரூபாய் கிடைத்தது உண்மை. ஆனால் அதுவரை உதவி தேவைப்படாத வீடுகளிலிருந்து விண்ணப்பங்கள் வரத் தொடங்கின. எரிபொருள் வரிசையில் நின்ற முச்சக்கரவண்டிக்காரரின் மகள், சம்பளத்தில் கடன் வெட்டியபின் மிச்சமில்லாத எழுதுவினைஞரின் மகள் என்று புதியவர்கள் வந்தார்கள். அந்தத் தாய்மாரில் சிலர் எமது பழைய மாணவிகள். சில வருடங்களுக்கு முன் இதே நிதிக்குக் காசு தந்தவர்கள் ஒன்றிரண்டு பேரும் அவர்களில் இருந்தார்கள்.

கொடுப்பவர் ஒரு பக்கம், வாங்குபவர் மறுபக்கம் என்று பிரித்து வைத்து எழுத முடியாது என்பதை அந்த வருடம் எமக்கு நன்றாகக் காட்டியது. இக்கட்டுரையில் ‘நாங்கள்’, ‘நாம்’ என்று எழுதிக்கொண்டு போவதற்கும் அதுவே காரணம். இந்தச் சங்கத்தில் கொடுத்தவர்கள் இருக்கிறோம். பெற்றவர்கள் இருக்கிறோம். பெற்றுப் பிறகு கொடுத்தவர்கள் இருக்கிறோம். யார் யார் எந்த வரிசை என்று இந்த மலரைப் புரட்டும் எவருக்கும் தெரியவேண்டியதில்லை.

அந்த நான்கு பக்கங்கள்

இப்போது தொடக்கத்துக்கு வருவோம். இருநூறு வருடங்களுக்கு முன் உதவி பெற்ற பிள்ளை தன் பெயரைக் கொடுத்துவிட்டு வேறு பெயரோடு படித்தாள். இருபது வருடங்களுக்கு முன் ஒரு பிள்ளை தன் பெயரை ஒலிபெருக்கியில் கேட்டுப் படிப்பை விட்டாள். இடையில், கொப்பித் தாளும் கிடைக்காத ஒரு காலத்தில், ஒரு பிள்ளை தனக்கு உதவி கிடைக்கிறது என்பதே தெரியாமல், தன் சொந்தப் பெயரை மட்டும் கொப்பியில் எழுதிப் படித்து முடித்தாள். மூன்றும் உதவிதான். எங்கள் நிதி இவற்றில் எதைப் போல நடக்கவேண்டும் என்பதுதான் மலர்க்குழு முன் இருந்த கேள்வி.

படங்களை எதிர்பார்த்துக் காத்திருந்த அக்காமாரிடமும் தங்கைமாரிடமும் நாம் மன்னிப்புக் கேட்கிறோம். உங்கள் பெயர்களையும் போடவில்லை. பெயர் போட்டால் பெயர் இல்லாதவர்கள் யார் என்று தேடுவார்கள். அதுவும் ஒருவகைப் பட்டியல் ஆகிவிடும். ஆனால் கல்லூரிக்கு வரும்போது காலைப் பிரார்த்தனை நேரத்துக்கு வாருங்கள். மண்டபத்தின் பின்பக்கம் நின்று பாருங்கள். வெள்ளைச் சீருடையில், இரட்டைப் பின்னலோடு, வரிசை வரிசையாக நிற்பார்கள். அவர்களில் யார் உங்கள் காசில் படிக்கும் பிள்ளை என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கும் தெரியாது. இந்த நிதி சரியாக நடக்கிறதா என்று பார்க்க விரும்புபவர்களுக்கு நாம் காட்டக்கூடிய கணக்கு அதுதான்.

அன்று கணித ரீச்சர் கொடுத்த கொப்பிகளில் ஒன்று இன்னும் எங்களிடம் இருக்கிறது. முதல் பக்கத்தில் பெயரும் வகுப்பும் கணிதம் என்ற பாடமும் மட்டும் எழுதப்பட்டிருக்கின்றன. உள்ளே பழைய தாள்கள், நான்கு வெவ்வேறு கொப்பிகளிலிருந்து பிரித்தெடுத்து ஊசியால் தைத்தவை. தையல் இன்னும் விடவில்லை.